சத்தமும் சாதியும்

ஊருக்குள்ள சத்தம் போடறதுக்குன்னே ஒரு சாதியை வெச்சிருந்தாங்க. அது நாங்க. மாரியம்மன் நோம்பி சாட்டினா மோளம் அடிக்க நாங்க. பண்ணையக்காரர் வூட்டுல பெரிய உசுரு போயிட்டா விடிய விடியத் தப்பட்டை அடிக்க நாங்க. ஏரி மீன் ஏலம், வரி பாக்கி, பஞ்சாயத்துக் கூட்டம் எதுவா இருந்தாலும் தெருமுக்குல நின்னு தண்டோராப் போட நாங்க. ஊரே கேக்கற மாதிரி நாங்க சத்தம் போடலாம், போட்டே ஆகணும். போடலீன்னா ஒதை. ஆனா அந்தச் சத்தத்துல எங்களுக்குன்னு ஒரு சொல்லு கிடையாது. சேதி அவங்களோடது, சாவு அவங்களோடது, சாமியும் அவங்களோடது. எங்க வளவுல ஒரு கண்ணாலம்னா அதே மோளத்தை அடிச்சுக்கிட்டு ஊர்த்தெரு வழியாப் போக முடியாது. அதே மோளந்தான், அதே கைதான்.

சேலம், நாமக்கல் பக்கத்துல அருந்ததியர் வளவுல பொறந்தவங்களுக்கு இது புதுச் சேதி இல்லை. எங்க பாட்டன் தோல் வேலைக்காரர். மாடு பூட்டிக் கவலை எறைச்ச காலத்துல கெணத்துல தண்ணி மொள்ளற தோல் பறியைத் தைக்கறதும், கிழிஞ்சா ஒட்டுப் போடறதும் அவர் வேலை. கூலி களத்து மேட்டுல தானியம். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 1937-இல் அங்கிருந்து மின்சாரம் வர ஆரம்பித்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கெணத்துக்குக் கெணறு மோட்டார் வந்துடுச்சு. பறி பரண் மேல போச்சு. பாட்டனோட ஊசிக்கு வேலை இல்லாமப் போச்சு. எங்கய்யனுக்கு மிஞ்சினது பண்ணையமும் தப்பட்டையுந்தான்.

அய்யன் தப்பட்டை கட்டறதைப் பாத்து வளந்தவன் நான். மூணு மரத்துண்டை வட்டமாச் சேத்து இரும்புப் பட்டை அடிப்பார். தோலை ஊற வெச்சு, மயிர் வழிச்சு, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி இழுத்து ஒட்டுவார். அடிக்கப் போறதுக்கு முன்னால சருகைக் கொளுத்தித் தீயில காட்டுவார். தோல் இறுகும், சத்தம் ஏறும். விரலால ஒரு தட்டுத் தட்டிக் காதுகிட்ட வெச்சுக் கேப்பார். "இன்னும் பேசலைடா"ன்னு மறுபடியும் தீயில காட்டுவார். எப்பப் பேசும்னு அவருக்குத் தெரியும். தோல் இறுகினா சுருதி ஏறும்னு பள்ளிக்கூடத்துப் பொஸ்தகம் எனக்குச் சொன்னது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். இனிமேல் தண்டோராப் போடும் வழக்கம் வேண்டாம், அறிவியல் வளர்ந்துவிட்டது, வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிச் சேதி சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நல்ல காரியம். சுதந்திரம் வந்து 75 வருசம் கழிச்சாவது சொன்னாங்க. அதைப் பேப்பர்ல படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அய்யன் கையில இருந்த வேலை வண்டி ஸ்பீக்கருக்குப் போகுது. வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டறவன் அய்யனோட மவன்.

ஆமா, என் பொழப்பு அதுதான். வண்டியில கம்பெனி மாட்டி அனுப்பற ஸ்பீக்கரைக் கழட்டிப் போட்டுட்டு நல்ல ஸ்பீக்கர் மாட்டறது. இதைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு நெனைக்கலாம். தோலைப் பத்தி, மலத்தைப் பத்தி, சுடுகாட்டைப் பத்தி நாம எழுதிட்டோம். எழுத வேண்டியதுதான். ஆனா நம்ம பசங்க இன்னைக்குப் பாக்கற வேலைகளும் எழுத்துல வரணும். அந்த வேலைக்குள்ளயும் சாதி வயர் மாதிரி உள்ளுக்குள்ள ஓடுது. மேல இருந்து பாத்தாத் தெரியாது.

நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டறது அரை நூற்றாண்டுக்கும் மேலான தொழில். திருச்செங்கோடுன்னா போர் வண்டி, சங்ககிரின்னா லாரி, நாமக்கல்னா பாடியும் டேங்கரும் முட்டையும். அந்தக் காலத்துல கம்பெனியில இருந்து வெறும் சேசிஸ்தான் வரும். என்ஜின், ஸ்டியரிங், சக்கரம், அவ்வளவுதான். தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, பலகையைப் போட்டு உக்காந்து, வெயில்லயும் மழையிலயும் ஓட்டிக்கிட்டு வருவாங்க டிரைவருங்க. இங்க வந்ததுக்கப்புறந்தான் கேபினே. மரவேலை, வெல்டிங், டிங்கரிங், பெயிண்டிங், சீட்டு, வயரிங்னு ஆளாளுக்கு ஒரு வேலை.

பத்தாவது முடிச்சுட்டு 1988-ல நான் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். மேஸ்திரி மொதல்ல கேட்டது பேரை இல்லை. "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வளவா?" வளவுன்னேன். "அப்பச் சீட்டுத் தைக்கப் போ. தோலும் ஊசியும் உங்களுக்குக் கை வந்ததுதான." லாரி சீட்டு ரெக்சின். ரெக்சின் மாட்டுத்தோல் இல்லை. அது மேஸ்திரிக்கும் தெரியும். என் சாதியும் அவருக்குத் தெரியும், அதான். மூணு மாசம் தைச்சேன். அதே கேபின்ல வயரிங் வேலை பாத்தவர் ஒரு பாய், வெளியூர்க்காரர். ஒருநாள் டெஸ்ட் லாம்பைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். அடுத்த நாள் வயரைச் சீவச் சொன்னார். தாகம்னு சொன்னப்ப அவர் குடிச்ச சொம்பையே கையில குடுத்தார். டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்த காலம் அது. நான் வயரிங் பக்கம் போனதுக்கு அந்தச் சொம்பும் ஒரு காரணம்.

அப்ப லாரியில கம்பெனி ஸ்பீக்கர்னு ஒண்ணு கிடையாது. கேபினே இங்கதான கட்டறோம். டிரைவர் தலைக்கு மேல பலகை அடிச்சு, நடுவுல சாமி படம், ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை போட்டு ஸ்பீக்கர். பக்கத்துல கேசட் டேப்பு. லாரிக்கு 24 வோல்ட்டு. ரெண்டு 12 வோல்ட்டு பேட்டரியைத் தொடராப் போட்டிருப்பாங்க. டேப்போ 12 வோல்ட்டு. பலபேரு ஒரு பேட்டரியில இருந்து மட்டும் 12 இழுத்துக் குடுத்துடுவாங்க. பாட்டு பாடும். ஆனா அந்தப் பேட்டரி எப்பவும் பசியில கெடக்கும், இன்னொண்ணு தேவைக்கு மேல சார்ஜ் ஏறிக் கொதிக்கும், கொஞ்ச மாசத்துல ரெண்டும் சாகும். 24-ஐ 12 ஆக்கற கன்வர்ட்டர் போட்டுத்தான் குடுக்கணும். பாய் இதைச் சொல்லிக் குடுத்தப்ப எனக்கு ஊரும் வளவுந்தான் ஞாபகம் வந்துச்சு. ஒருத்தன்கிட்டயே உறிஞ்சிக்கிட்டு ஒருத்தனுக்கே கொட்டினா ரெண்டு பேரும் உருப்பட மாட்டாங்க.

இன்னைக்குக் கேபினோட வர்ற லாரிகள் நெறைய. பிக்கப், மினி வண்டி, கார் எல்லாத்துலயும் கம்பெனி செட்டும் ஸ்பீக்கரும் இருக்கு. அதைத் தொறந்து பாத்தவங்களுக்குத் தெரியும். மெல்லிசான காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம், காசு கணக்கா ஒரு காந்தம். செலவைக் குறைச்சுச் செஞ்சது. எடை இல்லாததால கொஞ்சம் கரண்டுலயே கத்தும், அதுக்குன்னே பண்ணது. பேச்சு கேக்கும், பாடகர் குரல் கேக்கும், ஜால்ரா கேக்கும். அடியில இருக்கற சத்தம் மட்டும் கேக்காது.

மாத்தணும்னு வர்ற பசங்க மொதல்ல கேக்கறது, "எத்தன வாட்ஸுண்ணா?" டப்பா மேல போட்டிருக்கற வாட்ஸைப் பாத்து ஏமாறக் கூடாது. செட்டு மேல 50 பெருக்கல் 4-ன்னு எழுதியிருந்தாலும் சுத்தமாத் தர்றது ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு, இருபது வாட்ஸ்தான். அதுல கொண்டுபோய்ப் பெரிய கனமான ஸ்பீக்கரை மாட்டினா முன்னைவிடச் சத்தம் கொறஞ்சுதான் போகும். ஸ்பீக்கரோட உணர்திறன்னு ஒண்ணு டெசிபல்ல போட்டிருப்பான். அது மூணு கொறஞ்சா அதே சத்தத்துக்கு ரெண்டு மடங்கு கரண்டு வேணும். அது பத்தாம வால்யூமை முறுக்குவான். ஆம்பு மூச்சு முட்டி அலறும். அந்த அலறல்லதான் ட்வீட்டர் கருகும்.

ஆம்பு வாங்கறதுக்கு முன்னால கதவைப் பாக்கணும். ஸ்பீக்கர் முன்னால காத்தைத் தள்ளற அதே நேரத்துல பின்னால இழுக்குது. முன் காத்தும் பின் காத்தும் கதவு ஓட்டை வழியாக் கலந்துட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், பேஸ் செத்துடும். கதவுத் தகரத்துல இருக்கற பெரிய ஓட்டைகளை அடைக்கணும். தகரம் அதிராம இருக்கத் தார் மாதிரி ஒட்டற ஷீட்டை ஒட்டணும். மழைத்தண்ணி எறங்கற வழியை மட்டும் விட்டுடணும், இல்லீன்னா கதவு துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் நடுவுல கெட்டியா ஒரு வளையம், சுத்தி ஸ்பான்ஞ்சு. ரெண்டு பக்கமும் பிளஸ் மைனஸ் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மாறினாக் கூம்பு ஒண்ணு முன்னால வர்றப்ப இன்னொண்ணு பின்னால போகும், மறுபடி பேஸ் போச்சு. சந்தேகமா இருந்தா ஒன்றரை வோல்ட்டு கடிகார பேட்டரியைத் தொட்டுப் பாரு. கூம்பு வெளிய வந்தா நீ பிளஸ்னு நெனச்சது பிளஸ்தான். இதெல்லாம் பண்ணா, நாலாயிர ரூவா ஸ்பீக்கர் கம்பெனி செட்டுலயே நல்லாப் பாடும்.

இந்த வேலையைக் கத்துக்கும்போது எனக்கு அந்நியமா எதுவும் தோணலை. அய்யன் சொன்னதுதான் எல்லாம். சட்டம் ஆடக் கூடாது. தோல் ஓரத்துல காத்துப் போகக் கூடாது. இறுக்கம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். கூம்பும் ஓரமுந்தான் தோல். சுருளும் காந்தமுந்தான் குச்சி. இன்னைக்கு நாம பாக்கற மாதிரியான ஸ்பீக்கரை 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற ரெண்டு பேர் செஞ்சு காட்டினாங்க. அஞ்சு வருசத்துல, 1930-இல், கால்வின் அண்ணன் தம்பிகள் காருக்கு ரேடியோ மாட்டி 'மோட்டரோலா'ன்னு பேர் வெச்சு வித்தாங்க. அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் சிலதுல காகிதக் கூம்போட ஓரத்துல மெல்லிசான தோலை ஒட்டியிருந்தாங்க, கூம்பு லேசா ஆடறதுக்கு. இதைப் படிச்ச அன்னைக்கு நான் அய்யன்கிட்டச் சொன்னேன். "தோல் இல்லாம எதுடா சத்தம் போடும்?"னு கேட்டுட்டு வெத்தலையை மடிச்சார்.

அடிச்சத்தம் கேக்காதுன்னு சொன்னேன். அது சின்னக் கொறை இல்லை. லைன்ல ஓட்டற டிரைவருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புக் குடுக்கறது டீயும் இளையராஜாவும். பண்ணைப்புரத்துல பொறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோட கம்யூனிஸ்ட் கட்சி மேடை மேடையாப் பாடி வாசிச்சு, 1976-இல் 'அன்னக்கிளி'யில சினிமாவுக்கு வந்தவர். அவர் பாட்டுல பேஸ் கித்தார் தனியா ஒரு கதை சொல்லிக்கிட்டுப் போகும். பேஸ் கித்தாரோட அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் கிட்ட. ஓட்டைக் கதவுல தொங்கற கம்பெனி ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. நல்ல ஸ்பீக்கர் மாட்டி, பத்து வருசமாக் கேட்ட அதே பாட்டை மறுபடியும் போட்டுக் காட்டறப்ப, ஸ்டியரிங் பிடிச்ச ஆளுங்க கண்ணு கலங்கி நான் பாத்திருக்கேன். "இது இத்தன நாள் இதுக்குள்ளயேவா இருந்துச்சு?"ம்பாங்க. இருந்துச்சு. அதைக் கேக்க வைக்கற கருவி இல்லை, அவ்வளவுதான்.

நான் ஸ்பீக்கரைச் சோதிக்கறது சினிமாப் பாட்டு வெச்சு இல்லை. பறையாட்டம் பதிஞ்சது ஒண்ணு வெச்சிருக்கேன். சிண்டுக் குச்சி படற சுளீர்னு ஒரு மேல்சத்தம், அடிக் குச்சி எறங்கற அடிச்சத்தம், ரெண்டுக்கும் நடுவுல தோல் இழுத்துக்கிட்டு நிக்கற நீளம். மூணும் தனித்தனியாக் கேட்டா ஸ்பீக்கர் சரி. ஒரு லாரி ஓனர், ஊருக்குள்ள பெரிய குடும்பம், வண்டியில உக்காந்து அதைக் கேட்டார். தாளம் போட்டார். "மோளம் கும்முனு இருக்குதப்பா, இதையே ஏத்திக் குடு"ன்னார். அவர் வூட்டு எழவுக்கு எங்கய்யன் அடிச்சிருக்கார். அப்பத் திண்ணைக்கு இருபது அடி தள்ளி நிக்கணும். இப்ப அதே மோளம் அவர் காதுக்குப் பக்கத்துல, ஏசி காத்துல. மோளத்துக்குத் தீட்டு இல்லை போல. அடிக்கற கைக்குத்தான் தீட்டு.

அய்யன் 1994-ல தப்பட்டையைக் கீழ வெச்சார். ஒரு எழவுக்கு ஆள் வந்து கூப்பிட்டுச்சு, "இனி வரலைங்க சாமி"ன்னுட்டார். அந்த வருசம் எங்க வளவுல யாருக்கும் காட்டு வேலை குடுக்கலை. ஆட்டுக்குட்டியை வித்துச் சாப்பிட்டோம். அந்தச் சமயத்துலதான் நம்ம இயக்கங்களுக்குள்ள வாக்குவாதம் நடந்துக்கிட்டிருந்தது. பறை அடிமைச் சின்னம், ஒடைச்சுப் போடுங்கறது ஒரு கட்சி. அது நம்ம கலை, விடுதலைக்கு அடிப்போம்ங்கறது இன்னொரு கட்சி. ரெண்டும் சரின்னுதான் எனக்குப் பட்டது. கூப்பிட்டு அடிக்கச் சொன்னா அடிக்க மாட்டேன், எனக்குத் தோணினா அடிப்பேன். அவ்வளவுதான வித்தியாசம். இன்னைக்குப் பொம்பளைங்க பறை எடுத்து ஆடறாங்க. 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஆனா எந்தத் தெருவுல, யாருக்காக, யார் கேட்டு அடிக்கறதுங்கற கேள்வி அப்படியேதான் இருக்கு. அது மோளத்துல இருந்து எறங்கி ஸ்பீக்கர் மேல ஏறிக்கிச்சு.

வண்டிப் பாட்டுக்கும் சாதி உண்டு. 1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்துப் பாட்டு ஒண்ணு தென்மாவட்டங்கள்ல என்ன பாடு படுத்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். விழாவுக்குப் போற வண்டிகள்ல தலித் தெருவைச் சீண்டறதுக்குன்னே அதை அலற விட்டாங்க, மோதல் வந்தது. பாட்டு ஒண்ணுதான். தன் தெருவுல போட்டாக் கொண்டாட்டம். அடுத்தவன் தெரு முனையில வண்டியை நிறுத்திப் போட்டா மெரட்டல். எங்க பக்கத்துலயும் சாதிப் பெருமை பாடற பாட்டுகளோட வண்டிகள் வளவு ஓரமாப் போகும், மெதுவாப் போகும். யாரும் சத்தத்தைக் கொறைன்னு சொன்னதில்லை.

எங்க அக்கா மவன் லோன் போட்டு ஒரு பிக்கப் வாங்கினான். வளவுலயே மொத வண்டி. கோழிப் பண்ணையில இருந்து முட்டை எடுத்துக் கொண்டுபோய் லாரியில சேர்க்கற வேலை. வண்டி வாங்கின மறுவாரமே என்கிட்ட வந்துட்டான். "மாமா, கம்பெனி ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி இருக்குது, மாத்திக் குடுங்க." ஒரு ஞாயித்துக்கெழமை முழுக்க உக்காந்து செஞ்சோம். கதவைப் பிரிச்சு, ஷீட்டு ஒட்டி, வளையம் அறுத்து, வயரு மாத்தி, பேட்டரியில இருந்து நேரா பியூஸ் வெச்சு ஒரு சின்ன ஆம்பு, சீட்டுக்குப் பின்னால ஒரு பாக்ஸ். அவன் மொதல்ல போட்டது பறை. அப்புறம் இளையராஜா. அப்புறம் அம்பேத்கர் பாட்டு.

ஏப்ரல் 14 அன்னைக்கு வண்டிக்கு நீலக்கொடி கட்டி, கண்ணாடியை எறக்கிவிட்டு, அம்பேத்கர் பாட்டைப் போட்டுக்கிட்டு ஊர்த்தெரு வழியாப் போனான். பஞ்சாயத்துத் தார் ரோடு, பஸ் போற ரோடு. கோயில் முன்னால நாலு பேரு மறிச்சாங்க.

"ஏண்டா, இது யார் தெருன்னு தெரியுமா? நிறுத்துடா பாட்டை."

"ரோடு கவுருமெண்டு ரோடுதானுங்க."

"சத்தம் ஜாஸ்தியா இருக்குது, நிறுத்துன்னா."

"கோயில் கொழாய் காலையில அஞ்சு மணிக்கே கத்துதுங்களே."

"அது சாமி பாட்டு."

"இதும் எங்களுக்கு அப்படித்தானுங்க."

அடிக்கலை. கொடிக்கம்பை ஒடைச்சாங்க, வண்டிச் சாவியைப் பிடுங்கி ஒரு மணி நேரம் வெச்சிருந்து குடுத்தாங்க. ரெண்டாம் நாள் பண்ணையில இருந்து போன் வந்துச்சு, நாளையில இருந்து வண்டி வேண்டாம்னு. காரணம் சொல்லலை. ஸ்டேஷனுக்குப் போனோம். "பொது எடத்துல சத்தமாப் பாட்டுப் போட்டது நீதான?"ன்னு அவனையே கேட்டாங்க. சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். 2000-ஆம் வருசத்து ஒலி மாசு விதிகள்ல ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. அவன் போனது மத்தியானம். அஞ்சு மணிக்குக் கத்தற கொழாய்க்கு எந்த விதின்னு நான் கேட்டேன். "அதெல்லாம் பேசாத, பையனுக்குப் புத்தி சொல்லு"ன்னாங்க. சத்தம் எவ்வளவுன்னு அளக்கற மீட்டர் இருக்கு. அதுக்கு முன்னால இன்னொரு மீட்டர்ல அளந்துடறாங்க.

அக்கா கடைக்கு வந்து அழுதாங்க. "தம்பி, அந்தப் பழைய ஸ்பீக்கரையே மாட்டிக் குடுத்துரு. மாசம் பொறந்தா டியூ கட்டணும். எங்கய்யனும் இப்படித்தான் மோளத்தை வெச்சுட்டுப் பட்டினி போட்டாரு. எவன் காதுலயும் விழாம இருந்துட்டுப் போறோம்." கழட்டின கம்பெனி ஸ்பீக்கர் ரெண்டும் என் அலமாரியிலதான் இருந்துச்சு. நான் எடுத்துக் குடுக்கலை. அக்காகிட்டச் சொன்னேன், "ஸ்பீக்கரு கம்முனு இருந்தா முட்டை லோடு குடுப்பாங்கன்னு நெனைக்கறியாக்கா? வண்டி வாங்கினதே அவங்களுக்குச் சத்தந்தான்." அக்கா ஒண்ணும் பேசலை. ஆனா அவங்க சொன்னதுலயும் நெசம் இருக்கு. டியூ கட்ட வேண்டியது ஸ்பீக்கர் இல்லை, அவங்க.

ஒன்றரை மாசம் வண்டி சும்மா நின்னுச்சு. வளவுல ஆளுக்கு அஞ்சு நூறு போட்டு ஒரு டியூ கட்டினோம். அப்புறம் தலைவாசல் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு கெடைச்சுது. அங்க யாரும் எந்த வளவுன்னு கேக்கலை, வண்டி நேரத்துக்கு வருதான்னு மட்டுந்தான் கேட்டாங்க.

நான் அவன்கிட்டப் பேசினேன். மாப்ள, நல்ல ஸ்பீக்கர்ங்கறது கத்தறதுக்கு இல்லை. சின்னச் சத்தத்துலயே எல்லாம் கேக்கறதுக்கு. என்ஜின் எரைச்சலுக்கு மேல அலற விட்டு எட்டு மணி நேரம் ஓட்டினாக் காது போயிடும். கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பாரு, பேஸ் இன்னும் நல்லா நிக்கும். தொழில்காரனா இது எல்லாம் சரியான பேச்சு. அவன் பொறுமையாக் கேட்டான். அப்புறம் சொன்னான்: "மாமா, தாத்தன் அடிச்ச மோளம் ஊர் பூரா கேட்டுச்சு. அப்ப யாரும் சத்தம் ஜாஸ்தின்னு சொல்லலை. அவங்க சேதியைச் சொல்றப்ப எவ்வளவு வேணா கேக்கலாம், நம்ம சேதியைச் சொன்னா மட்டும் காது வலிக்குதா? நான் கேக்கறதுக்கு மட்டும் ஸ்பீக்கர் மாட்டலை மாமா. அவங்களும் கேக்கணும்னுதான் மாட்டினேன்." இதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. தேவையும் இல்லை.

கனரக வண்டிகளுக்கு இப்ப ஏசி கேபின் கட்டாயம். 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகற நடுத்தர, கனரக லாரிகளுக்கு அது வேணும்னு மத்திய அரசு 2023 டிசம்பர்ல அறிவிச்சது. நல்லதுதான். சித்திரை வெயில்ல என்ஜின் சூட்டுல வெந்து போன டிரைவருங்களை நான் பாத்திருக்கேன். இனிமே கண்ணாடி ஏத்தியே இருக்கும். உள்ள நல்ல சத்தம் கேக்கும், வெளிய கேக்காது. என் தொழிலுக்கும் நல்லது, மூடின கேபின்ல நல்ல ஸ்பீக்கருக்கு மதிப்பு ஜாஸ்தி. பசங்க நாலு பேரு என்கிட்ட இந்த வேலை கத்துக்கறாங்க, ரெண்டு பேரு நம்ம வளவு. சீட்டுத் தைக்கப் போன்னு இங்க யாரும் அவங்களைச் சொல்றதில்லை.

ஆனா ஏப்ரல் 14-க்கு அக்கா மவன் கண்ணாடியை எறக்கிட்டுத்தான் போறான். போன வருசம் அவன் வண்டிக்குப் பின்னால இன்னும் ரெண்டு வண்டி போச்சு. ரெண்டுக்கும் நான்தான் ஸ்பீக்கர் மாட்டினது. கோயில் முன்னால ஆளுங்க நின்னாங்க, மறிக்கலை. பகல் பதினோரு மணி. கண்ணாடியை ஏத்தறதா எறக்கறதான்னு வண்டிக்காரன் முடிவு பண்ணட்டும். எத்தன மணிக்கு, எவ்வளவு சத்தம்னு சட்டம் சொல்லட்டும், எல்லாருக்கும் ஒண்ணாச் சொல்லட்டும். எங்க சத்தம் யாருக்காகன்னு சொல்ற வேலை மட்டும் இனி ஊருக்கு இல்லை.